கீழ்க்கோடியில் ஒரு பெயர்

போன வருடம் பாரதி நினைவு நாளுக்கு இங்கே திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரைக் கூப்பிட்டால் செலவு குறைவு, ஒரு பொன்னாடையோடு காரியம் முடிந்துவிடும். கவிதைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கடல் தாண்டி இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காகப் பத்திரிகை நடத்தியவர்களைப் பற்றிப் பேசினேன். லண்டனில் கிருஷ்ணவர்மாவும் அவருடைய இந்தியா ஹவுஸும், பாரிஸில் காமா அம்மையார், சான் பிரான்சிஸ்கோவில் கதர் கட்சி (கதர்த் துணி இல்லை, உருதுவில் கலகம் என்று பொருள்), சீக்கியர் போல வேடம் போட்டுப் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர். முப்பது வருடம் வகுப்பில் சொல்லிப் பழகிய கதை. எந்த இடத்தில் குரலை இறக்கினால் கடைசி வாங்குக்காரனும் நிமிர்வான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் நிமிர்ந்தார்கள். முடித்துவிட்டு, கேள்வி ஏதும் உண்டா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், இதையெல்லாம் அச்சடிச்சது ஆர்?"

"கிருஷ்ணவர்மா என்று சொன்னேனே, பிள்ளை."

"அவர் எழுதினவர் எண்டுதான் சொன்னீங்க. அச்சடிச்ச ஆளைக் கேக்கிறன்."

மண்டபத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். "லண்டனில் ஏதோ ஒரு அச்சகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். உட்துறைமுக வீதியால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேன். வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஒரு கதைக்கு வேண்டியவர்கள், வேண்டாதவர்கள் என்று நான் பிரித்து வைத்திருந்ததில் அவர் வேண்டாத பக்கத்தில் விழுந்திருந்தார். இதை வேறு யாராவது செய்திருந்தால் போகட்டும். நான் ஒரு அச்சுக்கூடக்காரரின் மகன்.

எங்கள் அச்சகம் பெரிய அச்சகம் ஒன்றும் இல்லை. முன் அறையில் ஒரு ட்ரெடில் மெஷின், பின் அறையில் எழுத்துப் பெட்டிகள், நடுவில் அப்பாவின் மேசை. கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கடைக்காரர்களின் பற்றுச்சீட்டுப் புத்தகம். சோறு போட்டது என்னவோ அந்தியேட்டிக் கல்வெட்டுகள்தான், செத்தவரின் நினைவாக வீட்டார் அடிப்பிக்கிற சின்னப் புத்தகங்கள். யாராவது செத்து இருபது நாளுக்குள் வீட்டார் வருவார்கள். முப்பத்தோராம் நாளுக்கு முன்னால் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு எழுத்துக் கோர்க்கிற வேலை. தமிழில் கோர்ப்பது லேசான காரியம் இல்லை. கொம்பு தனி, கால் தனி, ஒரு 'கொ' வைக்க மூன்று தடவை கை பெட்டிக்குப் போய் வரவேண்டும். எல்லாம் தலைகீழாக இருக்கும். அதையே ஓட்டமாக வாசிக்கப் பழகிவிட்டால் பிறகு நேரான எழுத்துத்தான் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரியும். அச்சடித்து முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, எழுத்துகளைப் பிரித்துத் திரும்ப அதே பெட்டிகளில் போட வேண்டும். காலையில் ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறாக இருந்த ஈயம் பின்னேரம் மரக்காலை ஒன்றின் விலைப்பட்டியல் ஆகிவிடும். வெட்டுத் தாளைப் பின்பக்கம் கொட்டினால் கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் தின்னும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது குப்பை அள்ளுகிற செலவு மிச்சம்.

எது அடித்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், மிகச் சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயரும் விலாசமும் வரும். அது சட்டம். யாரும் வாசிக்காத வரி, வாடிக்கையாளர் ஒருநாளும் பிழை திருத்தாத வரி. அப்பா மட்டும் அதை இரண்டு தடவை பார்ப்பார்.

பாரிஸில் இருந்தவர்

சரி, அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இது. சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜனவரியில் லண்டனில் 'இந்தியன் சோசியாலஜிஸ்ட்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு பென்னி. முகப்பிலே ஹெர்பர்ட் ஸ்பென்சரின் வாசகம்: பிறருடைய சம சுதந்திரத்தில் கைவைக்காதவரை ஒவ்வொருவனுக்கும் தான் விரும்பியதைச் செய்யச் சுதந்திரம் உண்டு என்பது அதன் சாரம். ஆள் சாதாரண ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சமஸ்கிருதப் பண்டிதர், சமஸ்தானங்களில் திவான் வேலை பார்த்தவர், கையில் நல்ல காசு. அந்தக் காசை வைத்து இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். ஒரே நிபந்தனை, படித்து முடித்து வெள்ளைக்கார அரசாங்கத்தில் வேலைக்குப் போகக்கூடாது. அதே 1905 ஜூலையில் ஹைகேட் பகுதியில் குரோம்வெல் அவெனியூ 65ஆம் இலக்க வீட்டை மாணவர் விடுதியாகத் திறந்தார். அதுதான் இந்தியா ஹவுஸ். சாவர்க்கர், ஐயர், எம்.பி.டி. ஆச்சார்யா எல்லாரும் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள்தான். ஐயர் அங்கிருந்தபடியே பாரதியின் 'இந்தியா'வுக்கு எழுதி அனுப்பினார்.

1907இல் லண்டனில் சூடு கூடியதும் கிருஷ்ணவர்மா பாரிஸுக்குப் போய்விட்டார். பிழை என்று சொல்ல முடியாது, அங்கே பிரிட்டிஷ் பொலிஸ் கைவைக்க முடியாது. ஆனால் பத்திரிகை மட்டும் லண்டனிலேயே தொடர்ந்து அச்சானது. பாரிஸில் எழுதி அனுப்புவார், லண்டனில் அச்சடிப்பார்கள். அச்சடித்தவர் பெயர் ஆர்தர் ஃபிளெச்சர் ஹார்ஸ்லி. எங்கள் அப்பாவைப் போல வருகிற வேலையை அடித்துக் கொடுத்துப் பிழைத்த ஆள். 1909 ஜூலை 1ஆம் திகதி மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் கர்சன் வில்லி என்ற வெள்ளைக்கார அதிகாரியைச் சுட்டுக் கொன்றதும் லண்டன் கொதித்தது. அரசியல் கொலை கொலையாகாது என்கிற மாதிரி எழுதியிருந்த இதழ்களைத் தேடி எடுத்தார்கள். எழுதினவர் பாரிஸில். கையில் அகப்பட்டது கீழ்க்கோடியில் பெயர் போட்டிருந்தவர். திங்ராவுக்குத் தூக்குத் தண்டனை சொன்ன அதே நாளில் ஹார்ஸ்லியையும் அதே நீதிமன்றத்தில் நிறுத்தி 4 மாதம் உள்ளே போட்டார்கள்.

திங்ராவைப் பற்றி நான் வகுப்பில் அரை மணித்தியாலம் பேசுவேன். அதே நாள், அதே நீதிமன்றம். பக்கத்தில் நின்ற ஆளைப் பார்க்காமலே முப்பது வருடம் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புக் கொப்பிகளை எடுத்தேன். மற்றதெல்லாம் இருந்தது. காமா அம்மையாரும் நண்பர்களும் 1909 செப்டெம்பரில் தொடங்கிய 'வந்தே மாதரம்', திங்ராவின் பெயராலேயே பெர்லினிலிருந்து வந்த 'மதனின் வாள்', அதற்கும் முன்னால் 1908இல் வான்கூவரில் தாரக்நாத் தாஸ் தொடங்கிய 'ஃப்ரீ ஹிந்துஸ்தான்', 1914இல் சூரிக்கில் நம்முடைய செண்பகராமன் பிள்ளை நடத்திய 'ப்ரோ இந்தியா'. எல்லாவற்றுக்கும் ஆண்டு எழுதி, ஆசிரியர் பெயர் எழுதி, சிவப்பு மையால் கோடு கீறி வைத்திருக்கிறேன். 1940இல் லண்டனில் வந்த 'இந்தியன் ரைட்டிங்' சஞ்சிகையின் ஆசிரியர்களில் யாழ்ப்பாணத்து அழகு சுப்பிரமணியமும் ஒருவர் என்பதற்கு இரண்டு கோடு. ஹார்ஸ்லியின் பெயர் ஒரு ஓரத்தில், பென்சிலில் இருந்தது.

ஓரத்தில் பென்சிலில் இன்னொரு பெயரும் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது உண்மையில் அதுதான்.

ஸ்ரீனிவாசன்

பாரதி சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்தினார் என்பது எல்லாருக்கும் தெரியும். சிவப்புத் தாள், கார்ட்டூன், அனல் பறக்கும் எழுத்து. 1908இல் வ.உ.சி.க்கு அந்தக் கொடிய தண்டனை விழுந்த சமயத்தில் பொலிஸ் 'இந்தியா' மேலும் பாய்ந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் மண், கைது செய்ய முடியாது. அந்த ஒக்டோபரிலேயே பத்திரிகை அங்கிருந்து மறுபடி வரத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைய விடாமல் தடுத்ததால் 1910 மார்ச்சில் நின்றது. அந்தப் பத்து வருடப் புதுச்சேரி வாசம் இல்லாவிட்டால் குயில் பாட்டு இல்லை, பாஞ்சாலி சபதம் இல்லை. இதையும் நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒருவித நன்றியோடுதான் சொல்வேன்.

ஆனால் பதிவேட்டில் 'இந்தியா'வின் ஆசிரியர் என்று இருந்த பெயர் பாரதியுடையது இல்லை. எம். ஸ்ரீனிவாசன் என்று ஒருவருடையது. பெயருக்கு ஆசிரியர். 1908 ஓகஸ்டில் பிடிபட்டவர் அவர். விதிக்கப்பட்ட தண்டனை 5 வருடம்.

இதைப் படித்தபோது முதல்தடவை, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு நிம்மதிதான் வந்தது. நல்ல வேளை, பாரதி தப்பினார் என்ற நிம்மதி. ஒரு கவிஞன் ஐந்து வருடம் சிறையில் கிடந்திருந்தால் தமிழுக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்க்கிற மனம். அந்தக் கணக்கில் ஸ்ரீனிவாசனின் ஐந்து வருடத்துக்கு விலையே போடவில்லை. அந்தப் பிள்ளை கேட்ட பிறகு அதே வரியைத் திரும்ப வாசித்தபோது நிம்மதி வரவில்லை. பாரதி போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நண்பர்கள் வற்புறுத்தித்தான் அனுப்பினார்கள் என்றும் எல்லாரும் சொல்லுவார்கள். அதெல்லாம் சரி. பதிவேட்டில் பெயர் போட்டவனுக்கும் ஒரு புதுச்சேரி இருந்திருக்கலாமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

(புதுச்சேரி என்றதும் ஒரு ஊர்ப்பெருமை. 1782இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலையையும் பிடித்தது. பிறகு சமாதான உடன்படிக்கையில் ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வைத்திருந்தால் எங்கள் ஊரும் ஒரு குட்டிப் புதுச்சேரியாகி, யாராவது ஒரு கவிஞர் கோணேசர் மலையடியில் வாடகை வீடு தேடியிருப்பார். நடந்தது வேறு. 1957 வரைக்கும் பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து அசையவில்லை. ஒளிய வருகிற ஊராக இது ஒருநாளும் இருக்கவில்லை.)

உடைந்த 'ண'

1984. எனக்குப் பதினேழு வயது. மாலை ஆறு மணி இருக்கும், மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெடியள் வந்தார்கள். ஒருவனை எனக்கு முகம் தெரியும், எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தான். லண்டனில் படிக்கப் போன நம்முடைய பிள்ளைகள் அங்கே போடுகிற பத்திரிகை, எட்டுப் பக்கம், மெல்லிய தாள். இங்கே முந்நூறு பிரதி திரும்ப அடிக்க வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருவோம் என்றான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவசரமில்லாமல், புரூப் பார்க்கிறவர் மாதிரி. ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைக்கூட விரலால் தொட்டார். எட்டுப் பக்கமும் முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. அதுவரை அந்த இரண்டு பேரும் வாசலைப் பார்ப்பதும் மேசையைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

"தம்பி, இந்தத் தலையங்கம் எழுதினவர் இப்ப எங்க?"

"லண்டனில, ஐயா."

"இது அவர்ட சொந்தப் பேரோ?"

"இல்ல, புனைபெயர்."

"சரி. நான் அடிச்சா, கீழ என்ட பேர் போடவோ?"

"ஐயோ, போடாதீங்க. உங்களைப் பிடிச்சிடுவாங்கள்."

அப்பா பக்கத்தில் கிடந்த ஏதோ ஒரு கல்யாண அழைப்பிதழை எடுத்து அவர்களுக்கு நேரே பிடித்தார். எங்கள் எழுத்துப் பெட்டியில் 'ண' எல்லாம் தேய்ந்து கிடந்தது, அதிலும் பெரிய அளவு 'ண'வுக்கு வால் உடைந்திருந்தது. புதிதாக வார்த்து எடுக்கக் காசு இல்லை. ஊரில் அந்த உடைந்த 'ண' எங்களிடம் மட்டும்தான் இருந்தது. "பேர் போடாட்டியும் இது சொல்லிக் குடுக்கும், தம்பி. பேர் போடாம அடிச்சா அது களவு வேலை. போட்டு அடிச்சா நான் இருக்க மாட்டன். ரெண்டும் எனக்குச் சரிவராது." தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். அவர்கள் குடிக்கவில்லை. அந்தப் பத்திரிகையைத் திரும்ப மடித்துச் சட்டைக்குள் வைக்கும்போது எனக்கு மேல் வகுப்புக்காரன் என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் பிறகு ஊரில் இல்லை, கொஞ்ச வருடத்தில் எங்கேயும் இல்லை.

அப்பாவோடு நான் அதற்குப் பிறகு ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பதினேழு வயதில் வேறு என்ன முடிவு வரும்.

பெடியள் வேறு வழி பார்த்தார்கள். ஒரு ரியூட்டரியில் வினாத்தாள் அடிக்கிற றோணியோ மெஷின் இருந்தது. அதை ஓட்டுகிறவர் ஒரு கிளாக்கர், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். இரவோடிரவாக ஸ்டென்சில் வெட்டி அடித்துக் கொடுத்தார். யார் காட்டிக்கொடுத்தார்களோ, பத்து நாளில் வந்து கொண்டுபோனார்கள். ஏழு மாதம் எங்கெங்கோ வைத்திருந்துவிட்டு விட்டார்கள். விட்டபிறகு அவரால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வருடங்கள் போய், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். அந்தப் பத்திரிகையில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டேன். "முதல் பக்கம் மட்டும் வாசிச்சன், தம்பி. மிச்சம் நித்திரைத் தூக்கத்தில வெட்டினது" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு அந்த ரியூட்டரி இருந்த தெருவால் போகமாட்டார். சந்தைக்குப் போவதென்றால் சுற்றிப் போவார். ஏனென்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பிறகு ஒருமுறை அந்தக் கிளாக்கரின் தாயார் மோசம் போனார். கல்வெட்டு எங்களிடம்தான் அடித்தது. அப்பாவே இருந்து ஒவ்வொரு பக்கமும் கோர்த்தார், என்னைத் தொடவிடவில்லை. 'ண' வருகிற இடமெல்லாம் சின்ன அளவில் இருந்த நல்ல எழுத்தைத் தேடித் தேடிப் போட்டார். கணக்கு எழுதவில்லை. அவர் காசோடு வந்து நின்றபோது, வேண்டாம் என்று அப்பா தலையை ஆட்டினார். அவர் ஒன்றும் பேசாமல் மேசையில் இருந்த ஈயக்கட்டியைத் தூக்கி, இடது கையால்தான், காசை அதன் கீழே வைத்துவிட்டுப் போனார்.

வேறு விதமாகவும் இருந்திருக்கிறார்கள்

ஹார்ஸ்லியையும் ஸ்ரீனிவாசனையும் கண்டுபிடித்ததும் அப்பாவுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் என்றால் பொய் இல்லை. எங்கேயோ பத்திரமாக இருந்துகொண்டு எழுதுகிறவனுக்காக இங்கே இருக்கிறவன் ஏன் உள்ளே போகவேண்டும்? அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை, ஏனென்றால் கை ஆல்ட்ரெட் இருக்கிறார். ஹார்ஸ்லி உள்ளே போனதும், அடுத்து யார் அச்சடித்தாலும் அதே கதிதான் என்று தெரிந்தபிறகும், தானாக முன்வந்து ஓகஸ்ட் இதழை அச்சடித்த லண்டன் இளைஞர். வயது 22. இந்தியாவைக் கண்ணால் கண்டவர் இல்லை. அச்சடித்ததோடு நிற்காமல் தன் கருத்தையும் அதில் சேர்த்து எழுதினார். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் பிடிக்காததையும் அச்சடிக்கிற சுதந்திரம் என்பது அவர் கட்சி. 12 மாதச் சிறை. அதோடு லண்டனில் அச்சடிப்பது நின்று, பத்திரிகையும் பாரிஸுக்கே போய்விட்டது.

ஆல்ட்ரெட்டும் அச்சடித்தவர்தான். அவர் பெயர் போட்டு அடித்தார். அப்பா சொன்ன இரண்டு வழியில் இரண்டாவதைத் தெரிந்தே எடுத்தவர். அப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தபிறகு "வேறு என்ன செய்திருக்க முடியும்" என்று அப்பாவுக்காக வாதாட நாக்கு எழவில்லை. ஆல்ட்ரெட்டுக்கு அப்போது பதினேழு வயதில் எழுத்துக் கோர்க்கிற மகன் இருக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். அது எனக்கே கொஞ்சம் சப்பைக்கட்டாகத்தான் படுகிறது.

கர்தார் சிங் சராபாவை நினைத்தால் இன்னும் சிக்கல். கதர் பத்திரிகை 1913 நவம்பர் 1ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் வந்தது, முதலில் உருதுவில், அடுத்த மாதமே குர்முகியில். அதைத் தொடங்கிய லாலா ஹர்தயாளைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். மெஷினைக் கையால் சுற்றியவன் இந்தப் பெடியன், கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவன், பதினேழு வயது. எழுதினவனும் அவன்தான், அடித்தவனும் அவன்தான். வீரர்கள் தேவை, சம்பளம் மரணம் என்று விளம்பரம் போட்ட பத்திரிகை அது. போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடவில்லை. 1914இல் கப்பல் ஏறினான். 1915 நவம்பர் 16இல் லாகூரில் தூக்கு. பத்தொன்பது வயது. இவனுக்கு முன்னால் என் கேள்விகள் எதுவும் நிற்பதில்லை. அதே நேரம், ஒரு வாத்தியாராக, இவன் கதையைப் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் குரலை எந்த இடத்தில் இறக்குகிறேன் என்பதை இப்போது கவனித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் கவனித்ததில்லை.

இதை எழுதும்போது என் மச்சானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸில் இருக்கிறார், எண்பதுகளிலேயே போனவர். யுத்த காலத்தில் ஆரேனும் வருகிறவர்களிடம் உடுப்புப் பொதி கொடுத்துவிடுவார். சேர்ட்டுக்குள் மட்டை இருக்கும் இடத்தில் அங்கே வருகிற தமிழ்ப் பத்திரிகை மடித்திருக்கும். வாசித்துவிட்டு அடுப்பில் வைப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையங்கத்தில் ஒரு துளி பயம் இருக்காது. செக்பொயின்டில் இறங்கி நின்றவன் எவனும் அப்படி ஒரு வசனம் எழுதமாட்டான். போனில் ஒருநாள் சண்டையே போட்டேன்: நீங்கள் அங்கே எழுதுங்கள், நாங்கள் இங்கே அடுப்பில் வைக்கிறோம். மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "அத்தான், போன மாதம் உங்கட பக்கம் செத்த ஆக்களின்ட பேர் எந்தப் பேப்பரில வந்தது?" இங்கே எதிலும் வரவில்லை. அவர் அனுப்பிய பேப்பரில், ஏழாம் பக்கத்தில், வயதோடும் ஊரோடும் வந்திருந்தது. அதை நான் அடுப்பில் வைத்திருந்தேன்.

கிருஷ்ணவர்மா பாரிஸுக்குப் போகாமல் லண்டனிலேயே பிடிபட்டிருந்தால் அந்தப் பத்திரிகை 1907இலேயே முடிந்திருக்கும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஹார்ஸ்லியை அது வெளியே எடுக்காது.

ஒரு கிழமை கழித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனேன். கூப்பிடாமல் போன ஆளை அதிபர் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஹார்ஸ்லி, ஆல்ட்ரெட், ஸ்ரீனிவாசன் என்று மூன்று பெயரையும் சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டாள். அவளும் கூட்டாளிகளும் வகுப்பில் ஒரு சின்னச் சஞ்சிகை போடுகிறார்களாம். கையால் எழுதி ஃபோட்டோகொப்பி எடுத்து, அறுபது பிரதி. கவிதை, ஒரு சிறுகதை, குடிதண்ணீர்க் குழாய் இரண்டு மாதமாகத் திறக்கப்படாததைப் பற்றி ஒரு கட்டுரை. அடுத்த இதழில் இவர்களைப் பற்றியும் எழுதுவேன் என்றாள். சொன்னபடி எழுதினாள், நன்றாகவே எழுதினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், கோடு கீறி, 'அச்சிட்டவர்' என்று போட்டு, ஃபோட்டோகொப்பிக் கடையின் பெயரையும் தெருவையும் எழுதியிருந்தாள். ஒரு மரியாதைக்காக.

அன்றைக்குப் பின்னேரமே கடைக்காரப் பெடியன் என் வீட்டு வாசலில் நின்றான். மோட்டார் சைக்கிளை நிப்பாட்டக்கூட இல்லை, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், யுத்தம் முடியும்போது சின்னப் பிள்ளை. கையில் அந்தச் சஞ்சிகை.

"சேர், இதில என்ட கடைப் பேரை எடுத்துவிடச் சொல்லுங்க. தண்ணிக் குழாய் விசயமெல்லாம் எழுதியிருக்கு."

தண்ணிக் குழாய்தானே தம்பி என்றேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்தநாள் காலை பள்ளிக்கூட விறாந்தையில் அறுபது பிரதியையும் அடுக்கி வைத்து, அந்தப் பிள்ளையும் நானும் கீழ்வரியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தோம். கத்தரிக்கோலை அவனே கொண்டுவந்து தந்தான்.